கடைசி யாருங்க?

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் பெரியபாளையம் போயிருக்கிறீர்களா? ஜனப்பன்சத்திரம் கூட்டுரோட்டில் திரும்பும்போதே வண்டிகள் ஊர ஆரம்பித்துவிடும். பவானி அம்மன் கோயிலைச் சுற்றி வேப்பிலை ஆடை கட்டியவர்கள், பொங்கல் வைப்பவர்கள், மொட்டை போட்ட குழந்தைகள். ஆரணியாற்றங்கரை வரைக்கும் தலைகள்தான். இந்தக் கூட்டத்தில் யாராவது ஒருவர், வர முடியாத பாட்டிக்குக் கோபுரத்தைக் காட்ட வீடியோ கால் போடுவார். போனில் சிக்னல் கோடுகள் நிறைய இருக்கும். ஆனாலும் பாட்டி முகம் பாதிச் சிரிப்பில் உறைந்து நிற்கும். "ஹலோ... கேக்குதா பாட்டி?"

போன் நல்ல போன், சிக்னலும் இருக்கிறது. பிறகு எங்கே தடை? தெருவில் நிற்கிற வரிசை நம் கண்ணுக்குத் தெரிகிறது. போனுக்குள்ளும், அதைத் தாண்டிப் போகிற வழியிலும் நிற்கிற வரிசை தெரிவதில்லை. அந்த வரிசையில் நிற்பவற்றுக்குப் பாக்கெட் என்று பெயர். நாம் அனுப்புகிற படம், பேச்சு, வீடியோ எல்லாம் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டப்பட்டுத்தான் பயணம் செய்கின்றன. ஒரு துண்டு சுமார் 1,500 பைட். 3 எம்.பி. புகைப்படம் ஒன்றை அனுப்பினால் ஏறத்தாழ 2,000 பாக்கெட்டுகள் கிளம்புகின்றன. எல்லாமும் ஒரே நேரத்தில் போக முடியாது. எனவே காத்திருக்க வேண்டும்.

கம்ப்யூட்டருக்குள் வரிசை எப்படி நிற்கும் என்பதுதான் இன்றைய பேச்சு. அங்கே யாரும் ஒருவர் பின் ஒருவராக நிற்பதில்லை. பாக்கெட் வந்து விழுந்த இடத்திலேயே கிடக்கும். முதல் ஆள் போனதும் மற்ற எல்லாரையும் ஒரு இடம் முன்னால் தள்ளினால், தள்ளும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 1,500 பைட்டை நகலெடுக்க வேண்டும். அந்த வேலைக்கே நேரம் போதாது.

டோக்கன் இல்லாத கிளினிக் ஒன்றில் உட்கார்ந்திருந்தால் இதற்கு வழி தெரிந்திருக்கும். டீச்சரம்மா வேப்பமரத்தடியில் இருப்பார். பால்காரர் திண்ணையில். மெக்கானிக் அண்ணன் எதிர் டீக்கடையில். புதிதாக வருகிற அக்கா கேட்பது ஒரே ஒரு கேள்வி:

"கடைசி யாருங்க?"

"நான்தான்க்கா. எனக்கு அடுத்து நீங்க."

முடிந்தது. யாரும் எழுந்து நிற்கவில்லை, நகரவில்லை. ஒவ்வொருவரும் தனக்கு அடுத்தவர் யார் என்பதை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறார். கம்பவுண்டர் இரண்டு பேரை ஞாபகம் வைத்திருக்கிறார்: முதலில் யார், கடைசியில் யார். எங்கெங்கோ சிதறிக் கிடப்பவர்கள் இப்படி ஒரு வரிசையாகிவிடுகிறார்கள். கம்ப்யூட்டர்காரர்கள் இதை லிங்க்டு லிஸ்ட் என்கிறார்கள். கம்பவுண்டர் கடைசி ஆளை ஞாபகம் வைக்காவிட்டால் என்ன ஆகும்? புதிதாக வருபவர் முதல் ஆளிடம் போய் "உங்களுக்கு அடுத்து யாரு?" என்று கேட்டு, அவர் காட்டுகிறவரிடம் போய் மறுபடி கேட்டு, வரிசையின் நீளம் முழுக்க அலைய வேண்டும். அதனால்தான் இரண்டு ஞாபகம்: தலை ஒன்று, வால் ஒன்று.

கம்ப்யூட்டரில் முகத்துக்குப் பதில் முகவரி. நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு எண் உண்டு. "எனக்கு அடுத்தவர் இந்த எண்ணில் இருக்கிறார்" என்று குறித்து வைப்பதற்குப் பாயின்டர் என்று பெயர். இன்றைய 64 பிட் கருவிகளில் ஒரு பாயின்டருக்கு 8 பைட் போதும். 1,500 பைட் பாக்கெட்டை நகர்த்தாமல், 8 பைட் குறிப்பை மட்டும் மாற்றி வரிசையை நடத்திவிடலாம். இந்த யோசனை புதிதல்ல. 1950-களின் நடுவில் ஆலன் நியூவெல், கிளிஃப் ஷா, ஹெர்பர்ட் சைமன் என்ற மூவர் அமெரிக்காவில் கணிதத் தேற்றங்களை நிரூபிக்கும் புரோகிராம் எழுதும்போது பயன்படுத்தியது. பிறகு 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியில் பாயின்டர் வேலை மிகவும் எளிதாகிவிட்டது. சறுக்கி விழுவதும் அதே அளவு எளிது.

லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் கெர்னல், அதாவது மைய நிரல், பெரும்பாலும் இந்த சி மொழியில் எழுதப்பட்டது. ஆண்ட்ராய்டு போன் எல்லாவற்றின் அடியிலும் இருப்பது அந்த லினக்ஸ்தான். வீட்டு வைஃபை ரவுட்டர்கள் பலவற்றிலும் அதுவே. பெரியபாளையத்தில் உறைந்து நிற்கிற அந்த வீடியோ காலின் பாக்கெட்டுகளும், பெரும்பாலும் இப்படி ஏதோ ஒரு லிங்க்டு லிஸ்டில் காத்திருந்துதான் போகின்றன.

இனி அரபிக்கடல் ஓரத்துக்குப் போவோம். மங்களூருக்குப் பக்கத்தில் சூரத்கல் என்ற ஊரில் கர்நாடகத் தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. அங்கே பேராசிரியர் மோகித் தாகிலியானியும் அவருடைய மாணவர்களும் எழுதிய எஃப்.க்யூ-பை என்ற நிரல், 2020 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 5.6 பதிப்பில் சேர்ந்தது. கல்லூரி மாணவர்கள் எழுதியது உலகம் முழுக்க ஓடும் கெர்னலுக்குள் போவது சின்ன விஷயமா? அதுவும் ஒரே தடவையில் போய்விடவில்லை. மற்றவர்கள் வரி வரியாகப் படித்துக் கேள்வி கேட்க, இவர்கள் திருத்தித் திருத்திப் பல பதிப்புகள் அனுப்பினார்கள். அப்படிப் படித்துக் கேள்வி கேட்பதற்குப் பெயர் ரிவியூ.

அந்த நிரல் செய்கிற வேலையைக் கேளுங்கள். எல்லாப் பாக்கெட்டையும் ஒரே வரிசையில் விட்டால், சினிமா டவுன்லோடு செய்கிறவரின் ஆயிரம் பாக்கெட்டுக்குப் பின்னால் உங்கள் பாட்டியின் "சாப்பிட்டியா கண்ணு?" மாட்டிக்கொள்ளும். எஃப்.க்யூ-பை அப்படி விடுவதில்லை. யாரிடமிருந்து யாருக்கு என்று பார்த்து 1,024 தனித்தனி வரிசைகளாகப் பிரிக்கிறது. பிறகு வரிசைக்குக் கொஞ்சம் என்று முறை வைத்து வெளியே விடுகிறது. புதிதாக முளைத்த வரிசைக்கு முதல் சலுகை. அதோடு, காத்திருக்கும் நேரம் 15 மில்லி நொடிக்கு மேல் போகத் தொடங்கினால், சில பாக்கெட்டுகளை வேண்டுமென்றே தூக்கிப் போட்டுவிடுகிறது! அநியாயமாகத் தோன்றுகிறதா? பாக்கெட் தொலைந்ததைக் கவனித்ததும் அனுப்புகிறவரின் கருவி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தொலைந்த துண்டைத் திரும்ப அனுப்பவும் செய்யும். வரிசை தானாகக் குட்டையாகும்.

இந்த 1,024 வரிசையும் லிங்க்டு லிஸ்ட்தான். அவற்றை நடத்த இரண்டு குட்டி உதவி நிரல்கள் உண்டு: வாலில் சேர்க்க ஒன்று, தலையில் எடுக்க ஒன்று. ஏறத்தாழ இதே வடிவம் 2012-இல் எரிக் டூமாசே லினக்ஸுக்கு எழுதிய எஃப்.க்யூ-கோடெல் நிரலிலும் இருக்கிறது. சேர்க்கும் நிரலைத் தமிழில் எழுதிக் காட்டுகிறேன்.

தலையில் யாருமில்லையா? அப்படியானால் தலை = புதியவர்.
இல்லாவிட்டால், வாலில் இருப்பவரின் அடுத்தவர் = புதியவர்.
வால் = புதியவர்.
புதியவரின் அடுத்தவர் = யாருமில்லை.

நான்கே வரி. இதில் ரிவியூ செய்ய என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். டீச்சரம்மா, பால்காரர் என்று இரண்டு கட்டம் போட்டு, முதல் கட்டத்திலிருந்து இரண்டாவதுக்கு ஓர் அம்புக்குறி. தலை டீச்சரம்மா, வால் பால்காரர். இப்போது மெக்கானிக் அண்ணன் வருகிறார். இரண்டாம் வரியையும் மூன்றாம் வரியையும் இடம் மாற்றிப் போட்டு நடத்திப் பாருங்கள். முதலில் வால் = மெக்கானிக். அடுத்து "வாலில் இருப்பவரின் அடுத்தவர் = புதியவர்". வாலில் இப்போது யார்? மெக்கானிக்கே! அவருக்கு அடுத்தவர் அவரே ஆகிவிட்டார். நான்காம் வரி அதையும் அழித்துவிடும். பால்காரரோ தனக்குப் பின் யாருமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். மெக்கானிக் அண்ணன் ராத்திரி வரைக்கும் டீக்கடையில் உட்கார்ந்திருந்தாலும் அவரை யாரும் கூப்பிடப் போவதில்லை. தலை காலியாகும் வரை அவருக்குப் பிறகு வருகிற எல்லாருக்கும் இதே கதிதான். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை, வரிசை மாறியது இரண்டே வரி.

நான்காம் வரி எதற்கு? புதிதாக வந்தவருக்கு அடுத்து யாரும் இல்லை என்பது தெரிந்ததுதானே? கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அந்தப் பாக்கெட் இதற்கு முன் வேறொரு வரிசையில் நின்றிருக்கலாம். அங்கே அடுத்து நின்றவரின் முகவரி இன்னும் அதன் ஞாபகத்தில் இருக்கலாம். அழிக்காவிட்டால் இந்த வரிசையின் கடைசி ஆள் அந்த வரிசைக்காரரைக் கைகாட்டிவிடுவார்.

எடுக்கும் நிரல் இன்னும் சுருக்கம். தலையில் இருப்பவரைக் கையில் பிடி. அவருக்கு அடுத்தவரைத் தலையாக்கு. கையில் இருப்பவரின் "அடுத்தவர்" குறிப்பை அழி. அவரை அனுப்பு. இதைப் படித்ததும் ரிவியூ செய்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி: வரிசை காலியாக இருந்தால்? தலையில் யாருமே இல்லாதபோது "அவருக்கு அடுத்தவர் யார்" என்று கேட்டால் கெர்னல் நிலைகுலையும். இந்த உதவி நிரல் அதைத் தானே சோதித்துக்கொள்வதில்லை. அதைக் கூப்பிடுகிற நிரல், தலையில் ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுகிறது. சரிதான். ஆனால் நாளைக்கு வேறு யாராவது சோதிக்காமல் கூப்பிட்டால்? இப்படி ஒரு நிரலைப் படிக்கும்போது அதைக் கூப்பிடுகிற எல்லா இடத்தையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. வரிசையில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அவரை எடுத்தாகிவிட்டது. தலை காலி. வால்? வாலை யாரும் தொடவே இல்லையே! அது இன்னும் போய்விட்ட ஆளையே காட்டிக்கொண்டிருக்கிறது. பிடித்துவிட்டோம் பிழையை என்று துள்ளத் தோன்றும். பொறுங்கள், சேர்க்கும் நிரலின் முதல் வரிக்குத் திரும்பிப் போங்கள். தலை காலியாக இருந்தால் அது வாலைப் பார்ப்பதே இல்லை. பழைய வால் பொய்தான், ஆனால் அந்தப் பொய்யை யாரும் கேட்பதில்லை. எனவே பிழை இல்லை. பிழை போலத் தெரிவதைத் தீர விசாரித்து "இது சரி" என்று சொல்வதும் ரிவியூதான். பிழை கண்டுபிடிப்பதைவிட அது கஷ்டம் என்பது என் எண்ணம்.

நடுவில் ஒருவர் எழுந்து போய்விட்டால் கதை வேறு. சொல்லாமல் கொள்ளாமல் பால்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். டீச்சரம்மா இன்னும் திண்ணையைக் கைகாட்டுகிறார். அந்தத் திண்ணையில் இப்போது உட்கார்ந்திருப்பவர், நிழலுக்காக ஒதுங்கிய வேறு யாரோ. அவரைப் பிடித்து உள்ளே அனுப்பினால்? கம்ப்யூட்டரிலும் இப்படித்தான்: காலியான நினைவகம் எந்த நேரமும் வேறொரு வேலைக்குக் கொடுக்கப்படலாம். பழைய முகவரியை நம்பிப் போகிறவர், யாருடைய பொருளையோ பாக்கெட் என்று எடுத்துக்கொள்வார். கம்ப்யூட்டருக்குள் திருட்டுத்தனமாக நுழைகிறவர்கள் ஆவலோடு தேடுகிற ஓட்டைகளில் இது முக்கியமானது.

இதற்காக லினக்ஸில் ஒரு ஏற்பாடு உண்டு. அதன் பொதுவான லிஸ்டிலிருந்து ஒருவரை நீக்கும் உதவி நிரல், அவருடைய முன்னவர், அடுத்தவர் குறிப்புகள் இரண்டையும் வேண்டுமென்றே கெட்ட முகவரிகளாக மாற்றி வைக்கும். அந்த முகவரிக்கு நிரலிலேயே விஷம் என்றுதான் பெயர்! நீக்கியவரின் குறிப்பை யாராவது பின்தொடர்ந்தால் கம்ப்யூட்டர் அங்கேயே கூச்சல் போட்டு நின்றுவிடும். ரகசியமாகத் தப்புச் செய்வதைவிடச் சத்தமாக விழுவது மேல்.

வரிசை முழுவதையும் கலைக்கும்போது ஒரு சின்ன ஒழுங்கு வேண்டும். ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பிறகு "உங்களுக்கு அடுத்து யாரு?" என்று யாரிடம் கேட்பது? அனுப்பும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். லினக்ஸில் அப்படிக் கேட்டு வைத்துக்கொண்டு நடக்கிற ஒரு தனி உதவி நிரல் உண்டு. அதன் பெயரிலேயே "பாதுகாப்பானது" என்று போட்டிருக்கிறார்கள். அந்தப் பெயர் கொஞ்சம் அதிகப்படி. கையில் இருக்கும் ஒருவரை நீக்குவதற்குத்தான் அது பாதுகாப்பு. இன்னொரு பிராசஸர் அதே நேரத்தில் அதே லிஸ்டைக் கலைத்தால் அது ஒன்றும் செய்யாது. அதற்குப் பூட்டு வேண்டும்: ஒருவர் வரிசையைத் தொடும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும்.

2022-இல் வேறொரு பழைய சிக்கல் வெளிச்சத்துக்கு வந்தது. லினக்ஸின் பொது லிஸ்ட் வட்டமானது. கம்பவுண்டரிடம் தொடங்கிக் கம்பவுண்டரிடமே வந்து முடியும். ஒருவரைத் தேடி வட்டம் முழுக்கப் போய்க் கிடைக்கவில்லை என்றால், "இப்போது பார்க்கும் ஆள்" என்ற பெயர் கடைசியில் யாரைக் காட்டும்? கம்பவுண்டரை! அதைக் கவனிக்காமல் தொடர்ந்தால் டாக்டர் கம்பவுண்டருக்கு ஊசி போட்டுவிடுவார். கெர்னலில் சில இடங்களில் அப்படி இருந்தது. ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆராய்ச்சி மாணவர் இதைக் கிளற, லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மொழியின் பதிப்பையே மாற்ற முடிவு செய்தார். 1989-ஆம் ஆண்டின் சி இலக்கணத்திலிருந்து 2011-ஆம் ஆண்டின் இலக்கணத்துக்கு லினக்ஸ் நகர்ந்தது, 5.18 பதிப்பில். புதிய இலக்கணத்தில் அந்தப் பெயரைத் தேடல் முடிந்ததும் மறைந்துபோகிறபடி எழுத முடியும்.

சூரத்கல் நிரலுக்கு வருவோம். அதிலும் பிழை இருந்தது. லிஸ்டில் அல்ல, லிஸ்டுகளை எண்ணுகிற இடத்தில். 1,024 என்பது வழக்கமான எண்ணிக்கை. வேண்டுமானால் 65,536 வரிசைகள் வரைக்கும் கேட்கலாம் என்று வைத்திருந்தார்கள். ஆனால் வரிசைகளை எண்ணப் பயன்படுத்திய எண்ணின் அகலம் 16 பிட். 16 பிட்டில் 0 முதல் 65,535 வரைதான் எழுத முடியும்; அதோடு ஒன்றைக் கூட்டினால் மறுபடி 0. "65,536-ஐ அடையும் வரை எண்ணு" என்று சொன்னால்? அடையவே அடையாது. கட்டளை கொடுத்தவர் முன்னால் கம்ப்யூட்டர் அசையாமல் நிற்கும். முதலில் செய்த திருத்தம், உச்ச வரம்பை ஒன்று குறைத்து 65,535 ஆக்கியது. சுற்றுவது நின்றது. ஆனால் கேட்க முடிந்த ஒரு வரிசை பறிபோனது. 2021-இல் அதை மாற்றி, எண்ணும் எண்ணை 32 பிட் ஆக்கி, 65,536-ஐத் திரும்பக் கொடுத்தார்கள். அறிகுறியை மறைக்கும் திருத்தம் ஒன்று, காரணத்தைத் தீர்க்கும் திருத்தம் ஒன்று. இரண்டாவதுக்குத்தான் என் ஓட்டு.

அந்த 65,536 மறுபடியும் கடித்தது. இந்த நிரல் குறிப்பிட்ட இடைவெளியில் எல்லா வரிசையையும் சுற்றிப் பார்த்துக் கணக்குப் போடும். பார்க்கிற நேரம் முழுக்கப் பூட்டைக் கையில் வைத்திருந்தது. 1,024 வரிசை என்றால் கண் சிமிட்டும் முன் முடிந்துவிடும். 65,536 என்றால்? பாக்கெட்டுகள் வெளியே நிற்க வேண்டியதுதான். இதைக் கண்டுபிடித்தது மனிதர் அல்ல, கெர்னலிடம் தாறுமாறான கேள்விகளாகக் கேட்டுக்கொண்டே இருக்கும் சிஸ்பாட் என்ற கூகுள் ரோபோ நிரல். 2023-இல் எரிக் டூமாசே திருத்தினார்: 2,048 வரிசை பார்த்ததும் பூட்டைத் திறந்து விட்டு, அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். பதினோரு வருஷத்துக்கு முன் எஃப்.க்யூ-கோடெல் எழுதிய அதே டூமாசேதான்.

இவற்றில் எதையும் படித்துப் பார்க்கக் காசு வேண்டாம். லினக்ஸ் நிரல் முழுவதும் எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்யும் அண்ணனோ, ஊத்துக்கோட்டைப் பள்ளியில் படிக்கும் நீங்களோ, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கம்ப்யூட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கட்டமும் அம்புக்குறியும் போட ஒரு பென்சில் போதும்.

உங்களுக்கு ஒரு வேலை. டீச்சரம்மா, பால்காரர், மெக்கானிக் அண்ணன், புதிதாக வந்த அக்கா. நால்வரும் இந்த வரிசைப்படி, ஒவ்வொருவருக்கும் அடுத்தவரை மட்டும் தெரியும். கம்பவுண்டருக்குத் தலையும் வாலும் தெரியும். வரிசையில் இருக்கிற ஒருவரை நீக்கும் நிரலை நம் தமிழ் வரிகளில் எழுதுங்கள். எழுதியதை நண்பரிடம் கொடுங்கள். அவர் எழுதியதை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ஒருவர் நிரலை மற்றவர் சோதிக்க வேண்டும். நீக்கப்படுபவர் டீச்சரம்மாவாக இருந்தால் சரியாக ஓடுகிறதா? அக்காவாக இருந்தால் கம்பவுண்டரின் எந்த ஞாபகம் மாற வேண்டும்? வரிசையிலேயே இல்லாத ஒருவரை நீக்கச் சொன்னால் என்ன செய்கிறது? விடையோடு, நண்பரின் நிரலில் நீங்கள் பிடித்த பிழையையும் எழுதி அனுப்புங்கள். பிழை பிடித்தவர் பெயரும், திருத்தியவர் பெயரும் சேர்ந்தே இருக்கட்டும்.